ஞாயிற்றுச் சீட்டு

செல்லூரில், பால் பூத்துக்குப் பின்னால்,
ஒரு மாடியறையில் சீட்டுப் போட்டோம்.
பணச்சீட்டு இல்லை. பணத்துக்கு நாங்கள் எங்கே போக?
ஆறு பேர், ஆறு ஞாயிறு.
வாரம் ஒருவர் ஒரு பகலை முழுசாக எடுத்துக்கொள்வது,
அவர் வீட்டு வேலையை மற்ற ஐவர் பங்கிட்டுக்கொள்வது.
எடுத்தவர் எழுதலாம், வரையலாம்.
என்ன ஆச்சு என்று யாரும் கேட்கக் கூடாது.
ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது.
விளக்குத்தூண் துணிக்கடையில் பில் போடுகிறவள் என்பதால்
நோட்டை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் சீட்டு மெஹருன்னிசாவுக்கு விழுந்தது.
ஜாக்கெட் அளவு குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில்
ஒன்பது வருஷமாக ஒரே கதை வைத்திருக்கிறாள்.
அவள் மாமனாருக்குக் காலில் சர்க்கரைப் புண்.
கட்டு மாற்றியது நான்.
"நீ யாரும்மா?" என்று மூன்று தரம் கேட்டார்.
"சீட்டு" என்றேன்.
ரெங்கமணி அவள் பிள்ளைகள் இரண்டையும்
தெப்பக்குளம் கூட்டிப் போனார்.
ஒன்று பஸ்ஸில் வாந்தி எடுத்தது.
சாயங்காலம் ஒன்றரைப் பக்கம் இருந்தது,
முக்கால் பக்கம் அடித்தல்.
அவள் சிரித்த சிரிப்பில்
தையல் மிஷின் மேலிருந்த பூனை இறங்கி ஓடியது.

இரண்டாம் ஞாயிறு ஒச்சம்மா தூங்கினாள்.
காலை எட்டுக்குப் படுத்தவள்
விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தாள்.
ஸ்டெல்லாவுக்கு வந்ததே கோபம்:
"அவ மாட்டுக்குத் தவிடு கலக்கி
கையெல்லாம் நாறுது.
தூங்கவா போட்டோம் சீட்டு?"
நோட்டில் மூன்று பத்தி: பெயர், தேதி, செய்தது.
'தூக்கம்' என்று எழுதினேன்.
ரெங்கமணி பேனாவை வாங்கி
அதை அடித்துவிட்டு 'வேலை' என்று எழுதினார்.
ஸ்டெல்லா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த முறையும் தவிடு அவள்தான் கலக்கினாள்.

ஐந்தாவது என்னுடையது.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
பதினோரு மணிக்கு யானைக்கல் பாலம் வரை நடந்தேன்.
வைகையில் ஆகாயத்தாமரை,
நடுவே பாதி முங்கிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
அடுத்த வீடுதான் என் வீடு.
யாரோ என் குக்கரை வைத்திருக்கிறார்கள்.
என் அரிசிக்கு மூன்று விசில்.
நான்காவதும் கூவியது.
எழுந்து போய்விடாமல் இருக்க
இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.
அன்றைக்குச் சோறு குழைந்திருந்தது.
நாலு வரி தேறியது.

மூன்றாவதை ஏன் தாண்டினேன் என்றால்
அது முத்திருளனுடையது.
ஆட்டோ முதுகில் பெயர் எழுதுகிறவன்.
தன் பகலை எடுத்துக்கொண்டான்,
மறுநாள் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான்.
போன் எடுப்பதில்லை.
சீட்டு எடுத்தவன் ஓடுவது மதுரைக்குப் புதுசா?
"ஜாமீன் யாரு?" என்றாள் ஸ்டெல்லா.
யாருமில்லை.

மொட்டைமாடித் தண்ணித்தொட்டிச் சுவரில்
அடுப்புக்கரியால் ஐந்து ஜோடிக் கால்கள் வரைந்திருந்தான்.
முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை.
ஒச்சம்மா தன் பித்தவெடிப்பைக் கண்டுபிடித்தாள்.
மெஹருன்னிசா மிஷின் மிதிக்கும் வலது காலை.
ரெங்கமணி தன்னுடையது வளைந்திருப்பதாகச் சண்டை போட்டார்.
நான் நெடுநேரம் தேடினேன்:
கடையில் பத்து மணிநேரம் நிற்கிற கால்,
ஒன்றை ஒன்று சாய்ந்துகொண்டு
ஓரமாக நின்றது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க
வீட்டுக்காரர் ஆள் கூட்டி வந்தார்.
தொட்டியை மட்டும் விடச் சொல்லி
ரெங்கமணி ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.
அதை எந்தப் பத்தியில் எழுத?

கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது:
முத்திருளன், மூன்று ஞாயிறு பாக்கி.
வட்டி போடவில்லை.
புதுச் சீட்டு தை பிறந்ததும் தொடக்கம்.
ஓர் ஆள் குறைகிறது.
மாடு, குழந்தை, சர்க்கரைப் புண்
எது இருந்தாலும் வரலாம்.